ஷெஃபீல்டு மாநகராட்சித் தேர்தல்: நம்மவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் மே மாதத்து முதல் வியாழக்கிழமை நடக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஷெஃபீல்டில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அதே கேள்விகள் மறுபடி வர ஆரம்பித்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள், ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தவர்கள், லண்டன் வாடகை கட்டுபடியாகாமல் வடக்கே வந்தவர்கள் என்று கேட்பவர்கள் பலதரப்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது மேல்.

என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், ஸ்டூடன்ட் விசா. எனக்கு இங்கே ஓட்டு உண்டா?

உண்டு. பாதிப்பேர் இதை நம்பமாட்டார்கள். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும், அல்லது குறைந்தபட்சம் நிரந்தர வசிப்புரிமையாவது வேண்டும் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். இரண்டும் தேவையில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக இருந்து, இங்கே தங்கச் செல்லுபடியாகும் அனுமதி எந்த வகையில் இருந்தாலும் சரி, 18 வயது நிரம்பியிருந்தால் ஓட்டுப் போடலாம். படிக்க வந்த விசா, வேலை விசா, துணைவர் விசா எல்லாம் இதில் அடங்கும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எல்லாமே காமன்வெல்த் நாடுகள்தான்; அதாவது உலகத்தில் தமிழர் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளில் பெரும்பாலானவை. மாநகராட்சிக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இதே விதிதான்.

இலங்கையிலிருந்து வந்து அடைக்கலம் கேட்டிருக்கிறேன். முடிவு வரவில்லை.

முடிவு வந்து அனுமதி கிடைக்கும்வரை பதிவு செய்ய முடியாது. அகதி அந்தஸ்து கிடைத்த மறுநாளே பதியலாம். இலங்கைக் குடிமகன் என்ற வகையில் அந்த உரிமை வருகிறது.

நாங்கள் பிரான்சில் இருந்து குடிபெயர்ந்த ஈழத்தமிழர்கள், பிரெஞ்சு பாஸ்போர்ட். எங்களுக்கு?

இது கொஞ்சம் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தை பிரிட்டன் விட்டுவந்தபின், 2022-இல் வந்த தேர்தல் சட்டம் விதியை மாற்றியது. 2020 முடிவதற்குள் இங்கே சட்டப்படி குடியேறி, தொடர்ந்து இருப்பவர் என்றால் உள்ளாட்சித் தேர்தலில் பழையபடி ஓட்டு உண்டு. அதன்பின் வந்தவர் என்றால், அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா தவிர்த்த மற்ற ஒன்றிய நாடுகளில் டென்மார்க், போலந்து, போர்ச்சுகல், ஸ்பெயின், லக்ஸம்பர்க் ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும், அந்த நாடுகளோடு செய்த ஒப்பந்தப்படி. ஆக, கோப்பன்ஹேகனில் இருந்து போன வருஷம் வந்த சித்தப்பாவுக்கு ஓட்டு உண்டு. பாரிஸில் இருந்து அவரோடு வந்த மாமாவுக்கு இல்லை. சுவிஸ், நோர்வே பாஸ்போர்ட்டுக்கும் இல்லை. நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஓட்டுப் போட்டால் நாளைக்கு விசா நீட்டிப்பில் சிக்கல் வராதே?

வராது. சட்டம் கொடுத்த உரிமை அது. விசா தடுக்கும் அரசு உதவித்தொகையை வாங்கிய கணக்கிலும் அது சேராது. இன்னொரு நாட்டுக் குடியுரிமையை வாங்கினால்தான் இந்தியக் குடியுரிமை போகும், இங்கே ஓட்டுப் போடுவதால் அல்ல.

பதிவு செய்வது எப்படி? ஆதார் மாதிரி ஏதாவது கேட்பார்களா?

அரசின் இணையதளத்தில் ஐந்து நிமிஷ வேலை. பெயர், பிறந்த தேதி, முகவரி, எந்த நாட்டுக் குடிமகன், நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்). அந்த எண் இன்னும் வரவில்லை என்றால் இல்லை என்று காரணத்தோடு குறிப்பிடுங்கள். மாநகராட்சியின் தேர்தல் அலுவலகம் கடிதம் போட்டு பாஸ்போர்ட் நகல் போன்ற ஆதாரம் கேட்கும். அந்தக் கடிதம்தான் பலருக்கு முட்டுக்கட்டை. குப்பைத் தபால் என்று தூக்கிப் போட்டுவிட்டு, "பதிந்தேனே, பெயரே வரவில்லையே" என்பார்கள்.

கடைசி நாள், வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு நள்ளிரவு. சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எதுவும் கணக்கில் சேராது. ஆகவே ஏப்ரல் நடுவாக்கிலேயே கதவு மூடிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும், பழைய பதிவு தானாகப் பின்னாலேயே வராது. பட்டியலில் பெயர் இருப்பது வங்கிக் கடன், மொபைல் ஒப்பந்தம் போன்றவற்றுக்கு உங்களைச் சரிபார்க்கும்போதும் கைகொடுக்கும். ஓட்டில் அக்கறை இல்லாதவர்களையும் இந்த ஒரு வரியைச் சொல்லித்தான் பதியவைக்க முடிகிறது. பதியும்போது, விற்பனைக்குப் போகும் திறந்த பட்டியலில் பெயர் வேண்டாம் என்ற கட்டத்தையும் டிக் செய்துவிடுங்கள்.

இது சரியாக எதற்கான தேர்தல்?

ஷெஃபீல்டு மாநகராட்சிக்கு. நகரம் 28 வார்டுகள். ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று கவுன்சிலர்கள். மொத்தம் 84 பேர். நம் ஊர் மாதிரி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரையும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் வார்டுக்கு ஒருவர் என்று மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல். மூன்று வருஷம் தேர்தல், நான்காவது வருஷம் ஓய்வு. ஒரு கவுன்சிலரின் பதவிக்காலம் நான்கு வருஷம். 2022, 2023, 2024-இல் நடந்தது, 2025-இல் இல்லை, 2026-இல் மறுபடி உண்டு. வார்டு எல்லைகளை மாற்றி வரையும்போது மட்டும் 84 இடங்களுக்கும் ஒன்றாக நடக்கும்; 2016-இல் அப்படித்தான் நடந்தது, அப்போது ஆளுக்கு மூன்று ஓட்டு.

இந்த ஏற்பாட்டால் ஆட்சி ஒரே நாளில் தலைகீழாகாது. கோபம் வந்தாலும் அந்த வருஷம் 28 பேரைத்தான் மாற்ற முடியும். கட்சிக்காரர்களுக்கோ ஓயாத பிரசாரம். எனக்கு இதில் ஒன்று பிடிக்கும்: கவுன்சிலர் ஐந்து வருஷம் காணாமல் போக வழியில்லை. அவருடைய கட்சி ஆள் அடுத்த வருஷமே உங்கள் கதவைத் தட்டியாக வேண்டும்.

மேயரை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோமா?

இரண்டு மேயர்கள் இருக்கிறார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள். தங்கச் சங்கிலி போட்டுக்கொண்டு பள்ளி விழாவுக்கு வருபவர் லார்ட் மேயர். அது அலங்காரப் பதவி. கவுன்சிலர்களே தங்களில் ஒருவரை வருஷத்துக்கு ஒருமுறை அமர்த்துவார்கள். 2018-இல் அந்தப் பதவிக்கு வந்த மஜீத் மஜீத், சிறுவயதில் சோமாலியாவில் இருந்து அகதியாக வந்தவர். பதவியேற்றபோது 28 வயது.

இன்னொருவர் தெற்கு யார்க்ஷயர் மேயர். ஷெஃபீல்டோடு ராதர்ஹாம், பார்ன்ஸ்லி, டான்காஸ்டர் நான்குக்கும் சேர்த்து மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். 2022 முதல் ஆலிவர் காப்பர்ட். பஸ், டிராம், போலீஸ் மேற்பார்வை எல்லாம் அவரிடம். சூப்பர்டிராம் 2024 மார்ச்சில் தனியாரிடமிருந்து பொதுக் கட்டுப்பாட்டுக்குத் திரும்பியது அந்த அமைப்பின் கீழ்தான். எனவே 52-ஆம் நம்பர் பஸ் வரவில்லை என்று கவுன்சிலரைத் திட்டுவது முகவரி மாறிய திட்டு.

அப்படியானால் மாநகராட்சி என்னதான் செய்கிறது?

குப்பை, சாலை, தெருவிளக்கு, பூங்கா, நூலகம், மாநகராட்சி வீடுகள், கட்டட அனுமதி, பள்ளிச் சேர்க்கை, டாக்ஸி லைசென்ஸ், உணவகச் சுகாதாரச் சோதனை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாமல் பெரும்பணத்தை விழுங்குவது வேறு: முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்பும் பாதுகாப்பில்லாத குழந்தைகளின் பொறுப்பும். "இவ்வளவு வரி கட்டுகிறேன், தெருவில் பள்ளத்தை மூட முடியவில்லையா" என்று கேட்பவருக்கு உண்மையான பதில், அவர் கட்டுவதில் பெரும்பகுதி யாரோ ஒரு பாட்டியைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டும் பராமரிப்பாளரின் சம்பளத்துக்குப் போகிறது என்பதே. அதைத் தவறென்று சொல்லவும் முடியாது. அது சட்டப்படியான கடமை. பூங்காவையும் நூலகத்தையும் வெட்டலாம், இதை வெட்ட முடியாது. பட்ஜெட் நெருக்கடி வரும் வருஷங்களில் எது முதலில் காணாமல் போகிறது என்பதற்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

2023 பிப்ரவரி 27 முதல் நகர மையத்தில் நடக்கும் சுத்தக்காற்று மண்டலமும் மாநகராட்சியின் வேலை. சொந்தக் காருக்குக் கட்டணம் கிடையாது. புகை அதிகம் விடும் வேன், டாக்ஸி, லாரி, பஸ்ஸுக்குத்தான். டாக்ஸி ஓட்டும் நம் ஆட்களைக் கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். ஆஸ்பத்திரி, விசா, வருமான வரி, பல்கலைக்கழகக் கட்டணம் எதுவும் மாநகராட்சி கையில் இல்லை.

கவுன்சில் டாக்ஸ் பற்றிச் சொல்லுங்கள்.

குடியிருக்கும் வீட்டுக்கு மாநகராட்சி வசூலிக்கும் வரி இது. வீட்டின் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்து ஏ முதல் எச் வரை எட்டுப் பட்டைகள், அதாவது வரி அடுக்குகள். நேற்றுக் கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கும், அது 1991-இல் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பட்டை! முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு வரி இல்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். தனியாக இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி. வரியை மாநகராட்சி இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது; மத்திய அரசு வைக்கும் வரம்பைத் தாண்டினால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

பழைய கடன் எவ்வளவு காலம் தொடரும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1991-இல் உலக மாணவர் விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய அரங்குகளின் கடனை ஷெஃபீல்டு 2024 வரை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்காகக் கட்டிய டான் வேலி ஸ்டேடியத்தை அதற்கு முன்பே இடித்தாயிற்று.

எந்தப் பேச்சை எடுத்தாலும் "மரம் வெட்டிய கதை" என்கிறார்களே, அது என்ன?

இந்த ஊர் அரசியலைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷெஃபீல்டு 1926-இல் தொழிற்கட்சி கைக்கு வந்தது. இங்கிலாந்தின் பெருநகரங்களில் அக்கட்சி ஆட்சியைப் பிடித்த முதல் நகரம் இதுதான். எஃகு ஆலைத் தொழிலாளர் ஊர். நடுவில் சில இடைவெளிகள் தவிர அன்றிலிருந்து அவர்கள்தான். 2012-இல் மாநகராட்சி நகரத்தின் சாலைகளையும் நடைபாதைகளையும் செப்பனிட ஏமி என்ற தனியார் நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 220 கோடி பவுண்டு. சாலை உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்தது, ஒப்பந்தத்தையும் ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஆனால் நடைபாதையைத் தூக்கும் வேர்களுக்கு, மரத்தையே எடுத்துவிடுவது சுலபமான தீர்வாக இருந்தது. நகரத்தில் சுமார் 36,000 தெருமரங்கள். அவற்றில் 17,500-ஐ அகற்றிப் புதிதாக நடுவதென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது 2018-இல்தான் வெளியே வந்தது. பாதி மரங்கள்!

அதற்குள் ஊர் கொதித்துவிட்டது. 2016 நவம்பர் 17, விடியாத ஐந்து மணி. எண்ட்கிளிஃப் பூங்காவை ஒட்டிய ரஸ்ட்லிங்ஸ் ரோட்டில் போலீஸ் பாதுகாப்போடு வெட்டும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். காரை எடுங்கள் என்று தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். அன்று எட்டு மரங்கள் போயின. மறித்து நின்ற இரண்டு பெண்கள், எழுபது வயதை எட்டியவர்கள், கைதானார்கள். கைதுக்குப் பயன்பட்டது எந்தச் சட்டம் தெரியுமா? 1992-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். தொழிற்சங்க ஊரில், தொழிற்கட்சி மாநகராட்சியில், தொழிற்சங்கச் சட்டத்தால் பாட்டிமார் கைது. இதற்குமேல் எதிர்க்கட்சிக்கு வேறு நோட்டீஸ் தேவையா? பின்னர் அந்த வழக்கு கைவிடப்பட்டது. பசுமைக் கட்சிக் கவுன்சிலர் அலிசன் டீல் மீதே மாநகராட்சி நீதிமன்றம் போனது, அதுவும் தள்ளுபடியானது.

2018 மார்ச்சில் வெட்டுவதை நிறுத்தும்போது சுமார் 5,600 மரங்கள் போயிருந்தன. ஐநாவில் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை வகித்த சர் மார்க் லோகாக் விசாரித்து 2023 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். மாநகராட்சி மக்களைத் தவறாக வழிநடத்தியது, நீதிமன்றத்திடமும் உண்மையற்றதைச் சொன்னது என்று அதில் இருந்தது. மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது. அந்த மே மாதமே தலைவர் மாறினார். டாம் ஹன்ட் வந்தார்.

மரத்துக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?

எண்களைப் பாருங்கள். 2016-இல் எல்லா இடங்களுக்கும் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி 57, லிபரல் டெமாக்ரட் 19, பசுமைக் கட்சி 4, யுகிப் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்ன கட்சி) 4. 2021 தேர்தலுக்குப் பின் தொழிற்கட்சி 41, லிபரல் டெமாக்ரட் 29, பசுமைக் கட்சி 13, கன்சர்வேடிவ் 1. பெரும்பான்மைக்கு 43 வேண்டும், இரண்டு குறைந்தது. அப்போதைய மாநகராட்சித் தலைவர் பாப் ஜான்சனே ஹில்ஸ்பரோ வார்டில் பசுமைக் கட்சியிடம் தோற்றார். முழுக்க மரத்தால்தான் என்று சொல்லமாட்டேன். தேசிய அரசியல் காற்றும் இருந்தது. ஆனால் 57 பேர் கையில் இருக்கும்போது யார் சொல்வதையும் கேட்க வேண்டாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, மரம் அதற்கு அடையாளமாகிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது, அதுதான் பெரிய விஷயம். முன்பு இங்கே தலைவரும் அவர் அமைச்சரவை போல வைத்துக்கொள்ளும் பத்துப்பேருமாகத்தான் முடிவெடுப்பார்கள். மற்ற எழுபது சொச்சம் கவுன்சிலர்கள் கை தூக்குவதோடு சரி. இதை மாற்றக் குடிமக்கள் குழு ஒன்று வீதிவீதியாகக் கையெழுத்து வாங்கியது. வாக்காளர்களில் 5 சதவீதம்பேர் கையெழுத்திட்டால் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்பது சட்டம். இங்கே அது இருபதாயிரத்துக்கும் மேல். அதைத் தாண்டி வாங்கினார்கள். 2021 மே 6-இல் தேர்தலோடு சேர்த்து வாக்கெடுப்பு. மாற்றத்துக்கு ஏறத்தாழ 65 சதவீதம். 2022 முதல் குழு முறை: வீடு, போக்குவரத்து, கல்வி, பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கும் குழு, அங்கேதான் முடிவு.

வேகம் குறைவு என்று புலம்புகிறவர்கள் உண்டு. கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்தால் அந்தப் புலம்பலில் நியாயம் இருப்பதும் தெரியும். ஆனாலும் உங்கள் வார்டின் ஆள் எதிர்க்கட்சியாகவே இருந்தாலும் முடிவெடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அது போதும்.

எந்தக் கட்சிக்குப் போடுவது?

சொல்லமாட்டேன். ஊரின் வரைபடத்தை மட்டும் சொல்கிறேன். தென்மேற்கில் வசதியான மலைச்சரிவுகள், எக்கல்சால், ஃபுல்வுட் பக்கம், லிபரல் டெமாக்ரட்டுக்கு நெடுங்காலமாகப் பிடிமானம். மாணவர்களும் படித்த இளைஞர்களும் நெருங்கியிருக்கும் ப்ரூம்ஹில், நெதர் எட்ஜ், நகர மையத்தில் பசுமைக் கட்சி. வடக்கிலும் கிழக்கிலும் பழைய ஆலைப் பகுதிகளில் தொழிற்கட்சியின் வேர். இந்த வேர்கள் சமீப வருஷங்களில் எல்லா இடத்திலும் ஆட்டம் காண்கின்றன. போன தேர்தலில் வாங்கிய வாக்கு விவரம் மாநகராட்சி தளத்தில் வார்டு வாரியாக இருக்கிறது, பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரசாரம் என்று ஒன்றும் கண்ணில் படவில்லையே?

ஒலிபெருக்கி, ஆட்டோ ஊர்வலம், கட்அவுட் எதுவும் கிடையாது. கதவு வழியாக நோட்டீஸ் விழும். சாயங்காலம் ஓர் ஆள் கையில் பட்டியலோடு வந்து "இந்த முறை எங்களுக்குப் போடுவீர்களா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போவார். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பணமோ பிரியாணியோ எதிர்பார்க்காதீர்கள். ஓட்டுக்காகச் சாப்பாடு, தேநீர் வாங்கிக் கொடுப்பதுகூட இங்கே தண்டனைக்குரிய குற்றம்.

நோட்டீஸில் இருக்கும் பட்டை வரைபடத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். "இங்கே அவர்களால் ஜெயிக்க முடியாது" என்று இரண்டு பட்டை உயரமாக, ஒன்று குட்டையாக இருக்கும். பட்டையின் உயரத்துக்கும் அதன்மேல் எழுதிய எண்ணுக்கும் சில சமயம் ஒரு உறவும் இருக்காது. வார்டு கணக்குக்குப் பதில் நாடாளுமன்றத் தேர்தல் கணக்கைப் போட்டிருப்பார்கள். எல்லாக் கட்சியும் செய்யும் வித்தை இது.

அடையாள அட்டை கட்டாயமா? என் பெயரே ஒரு குழப்பம்.

2023 மே முதல் இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் படம் ஒட்டிய அடையாளம் கட்டாயம். காமன்வெல்த் பாஸ்போர்ட் செல்லும், ஆகவே இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் போதும். பிரிட்டிஷ் டிரைவிங் லைசென்ஸ், தற்காலிக லைசென்ஸும் செல்லும். காலாவதியானாலும் படத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. பல்கலைக்கழக அட்டை செல்லாது. போனில் இருக்கும் படமோ ஈ-விசா திரையோ செல்லாது. ஒன்றும் இல்லாதவர்கள் இலவசமாக வாக்காளர் அடையாளச் சான்று வாங்கலாம். ஆறு வேலை நாள் முன்பு மாலை ஐந்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர் விஷயம் நமக்கென்றே வரும் தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். அல்லது முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். இங்கே வந்து பதியும்போது இனிஷியலை மட்டும் போட்டிருப்போம். சின்ன வித்தியாசத்தைச் சாவடி அதிகாரி ஒப்புக்கொள்ளலாம், ஆனால் தீர்மானம் அவர் கையில். பேசாமல் பதியும்போதே பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுவிடுங்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியவர்கள் திருமணச் சான்றையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளே போனால் என்ன நடக்கும்?

காலை 7 முதல் இரவு 10 வரை. பக்கத்தில் இருக்கும் சாவடிக்கு அல்ல, உங்களுக்கு ஒதுக்கிய சாவடிக்குப் போக வேண்டும். பெரும்பாலும் சர்ச் கூடம், பள்ளி, நூலகம். தபாலில் வந்த அட்டையில் முகவரி இருக்கும். அந்த அட்டையை எடுத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை.

வாசலில் கட்சி நிறத்தில் ரிப்பன் பூ குத்திய ஒருவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். அவர் அதிகாரி அல்ல, கட்சித் தொண்டர், சொல்லாமல் போகலாம். உள்ளே மடக்கு மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர், ஒரு மரச்சட்டம் போட்ட அடிக்கோல், பேர் பட்டியல் தாள்கள். அடிக்கோலை வரிவரியாக இறக்கி உங்கள் பெயரைத் தேடுவார்கள். நீளமான பெயரென்றால் முதலெழுத்தைச் சொல்லிவிட்டு முகவரியைச் சொல்லுங்கள், சீக்கிரம் முடியும். முகத்திரை போட்டவர்கள் தனியிடத்தில் காட்டலாம், அதற்கென்று மறைப்பும் கண்ணாடியும் வைத்திருப்பார்கள். பிறகு சீட்டு. மெல்லிய பலகைத் தடுப்பு, கயிற்றில் கட்டிய பென்சில். பெருக்கல் குறி ஒன்று. மடித்துப் பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. இயந்திரம் இல்லை, விரலில் மை இல்லை, செல்ஃபி எடுக்கக் கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு வரலாம், வருகிறார்கள்.

வேட்பாளர் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும்.

அன்றைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி.

தபால் ஓட்டு வாங்குங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 11 வேலை நாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பம். வரும் உறையில் கையெழுத்தும் பிறந்த தேதியும் விண்ணப்பத்தில் இருந்ததோடு ஒத்துப்போக வேண்டும். நிறையச் சீட்டுகள் செல்லாமல் போவது பிறந்த தேதிக்குப் பதில் அன்றைய தேதியை எழுதுவதால். இல்லாவிட்டால் உங்களுக்குப் பதில் இன்னொருவர் போடும் ப்ராக்ஸி ஓட்டு. ஆறு வேலை நாள் முன்புவரை. கடைசி நேரத்தில் டியூட்டி மாறினாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அன்று மாலை 5 மணிவரை அவசர ப்ராக்ஸி கேட்கலாம்.

ஐந்தரை லட்சம் பேர் இருக்கும் ஊரில் என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?

நீங்கள் போடுவது ஐந்தரை லட்சத்தில் ஒன்றல்ல, ஒரு வார்டில் ஒன்று. இந்தத் தேர்தல்களில் சுமார் மூன்றில் ஒருவர்தான் வந்து போடுகிறார். மாணவர் நெருக்கமாக இருக்கும் வார்டுகளில் அதைவிட மோசம். அதனால் சில வார்டுகளில் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வாங்கியவரே ஜெயித்துவிடுவார். நாடாளுமன்றத் தேர்தலில் நம் ஓட்டு கடலில் கரைவது உண்மை. இங்கே ஒரு தெரு சேர்ந்து வந்தால் முடிவு மாறும்.

சரிசமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல்தான். 2017-இல் நார்தம்பர்லாந்து கவுன்டியில் சவுத் பிளைத் என்ற இடத்தில் இரண்டு வேட்பாளருக்கும் ஒரே எண்ணிக்கை. குச்சி உருவிப் பார்த்தார்கள். லிபரல் டெமாக்ரட்டுக்கு நீளக்குச்சி. கன்சர்வேடிவ் கட்சிக்கு அந்த ஒரே இடத்தால் பெரும்பான்மை போயிற்று.

ஒரு வருஷ மாஸ்டர்ஸ் முடித்துப் போய்விடுவேன். நான் எதற்குப் போட வேண்டும்?

நீங்கள் போனாலும் உங்கள் அறைக்கு அடுத்த செப்டம்பரில் இன்னொரு மாணவர் வருவார். வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ், குளிரில் ஈரம் ஊறும் சுவர், ராத்திரி எரியாத விளக்கு, இதெல்லாம் மாநகராட்சி விவகாரம்.

நானே தேர்தலில் நிற்கலாமா?

ஓட்டுப் போடுவதைவிட இதற்குக் கொஞ்சம் கடுமை. காமன்வெல்த் குடிமகனாக இருந்தால் நிரந்தர வசிப்புரிமை வேண்டும். விசாவில் இருப்பவர் முடியாது. வயது 18. அந்த மாநகராட்சியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் நிற்க முடியாது. மற்றபடி வார்டில் இரண்டுபேர் கையெழுத்துப் போட்டால் வேட்புமனு தயார், டெபாசிட் கிடையாது. செலவுக்கு உச்சவரம்பு ஓரிரு ஆயிரம் பவுண்டுதான். கிடைப்பது சம்பளமல்ல, படித்தொகை. வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் பெரும்பாலானவர்கள் கவுன்சிலராக இருக்கிறார்கள். கட்சிச் சீட்டு வேண்டுமென்றால் இரண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்து மழையில் நோட்டீஸ் போட்டுப் பழகுங்கள்.

ஜெயித்தவரை அப்புறம் எங்கே பிடிப்பது?

பின்ஸ்டன் தெருவில், உச்சியில் வல்கன் சிலை நிற்கும் 1897 டவுன் ஹாலில் போய்க் காத்திருக்க வேண்டாம். கவுன்சிலர்களின் மின்னஞ்சல் எல்லாம் தளத்தில் இருக்கிறது, பலர் மாதாந்திரக் குறைகேட்பு நேரமும் வைத்திருக்கிறார்கள். நான்கு நான்கு வார்டாகச் சேர்த்து ஏழு பகுதிக் குழுக்கள் உண்டு. அவற்றின் கூட்டம் உங்கள் பக்கத்துச் சமூகக்கூடத்திலேயே நடக்கும். எழுந்து கேள்வி கேட்கலாம்.

எழுதும்போது மூன்று கவுன்சிலருக்கும் ஒரே மின்னஞ்சலில் போடுங்கள். குறிப்பாக அவர்கள் வேறுவேறு கட்சி என்றால், யார் முதலில் பதில் போடுவது என்று ஒரு போட்டி வந்துவிடும். "எங்கள் தெரு மோசம்" என்று எழுதாதீர்கள். விளக்குக் கம்பத்தில் கண் மட்டத்தில் ஓர் எண் இருக்கும்; அந்த எண், எப்போதிலிருந்து எரியவில்லை, ஒரு போட்டோ. முன்பே புகார் செய்திருந்தால் அதன் எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.